சவ்வை ஒரே முறை கடக்கும் ஏற்பி, செய்தியை எப்படி உள்ளே சேர்க்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும் செல்லுக்குள் நுழையாமல் வெளியே நின்றே வேலையை முடித்துக்கொள்கின்றன. அவற்றைப் பிடிக்கும் ஏற்பி சவ்வை ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. ஏழு முறை கடக்கும் ஜி-புரத ஏற்பி உருவம் நெளிந்து உள்ளே சேதி சொல்கிறது என்றால் நம்பலாம். இருபத்தைந்து அமினோ அமிலம்கூடத் தேறாத ஒற்றைச் சுருள் எதைக் கடத்திவிட முடியும்? "லிகண்ட் (ஏற்பியில் வந்து ஒட்டும் மூலக்கூறு) சேர்ந்ததும் ஏற்பியின் நொதிப் பகுதி தூண்டப்படுகிறது" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம் இது.

சந்தேகம் நியாயமானது. ஒற்றைச் சுருள் ஒரு குச்சி மாதிரி. அதன் இரு முனைகளும் இளக்கமான இழைகளால்தான் மற்றப் பகுதிகளோடு சேர்ந்திருக்கின்றன. வெளியே ஏதோ ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் திருகினாலும் அந்த விசை வழியிலேயே கரைந்துவிடும். அதனால் இந்த ஏற்பிகள் தனி மூலக்கூறு உருவம் மாறுவதை நம்பியில்லை. இரண்டு மூலக்கூறுகள் நெருங்குவதை நம்பியிருக்கின்றன. வெளியே ஜோடி சேர்ந்தால் உள்ளேயும் ஜோடி சேர்ந்தாக வேண்டும். உள்ளே தொங்குபவை நொதிகள்; பக்கத்தில் வந்ததும் ஒன்றால் மற்றது விழிக்கிறது. மீதிக் கதை முழுக்க இதிலிருந்து கிளைப்பதுதான்.

இதற்கான சான்றுகள் பழையவை, எளியவையும்கூட. 1978இல், சில நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த, இன்சுலின் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை எடுத்துக் கொழுப்புச் செல்களில் விட்டுப் பார்த்தார்கள். இன்சுலின் செய்யும் வேலையை அவை செய்தன. ஆன்டிபாடிக்கு இரண்டு கை உண்டு. அதை வெட்டி ஒற்றைக் கையாக்கினால் ஏற்பியைப் பிடிக்கத்தான் செய்தது, தூண்டவில்லை. இன்சுலினை வரவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது. அந்த ஒற்றைக் கைகளை இன்னொரு ஆன்டிபாடியால் கோத்ததும் தூண்டும் சக்தி திரும்பிவிட்டது. 1986இல் இன்னும் துணிச்சலான சோதனை: இன்சுலின் ஏற்பியின் வெளிப்பகுதியை, ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியின் உள்பகுதியோடு ஒட்டுப்போட்டார்கள். இன்சுலின் கொடுத்தால் ஈஜிஎஃப் ஏற்பியின் நொதி வேலை செய்தது. அதே காலத்தில், எலியின் நியூ என்ற ஏற்பியில் சவ்வுக்குள் இருக்கும் ஒரே ஒரு வேலின், குளுட்டாமிக் அமிலமாக மாறினாலே புற்று வந்துவிடுகிறது என்று தெரிந்தது. அந்த ஒற்றை மாற்றம் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது; பிறகு லிகண்டே வேண்டாம்.

ஈஜிஎஃப் ஏற்பியையே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஈஜிஎஃப் என்பது 53 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். ஸ்டான்லி கோஹன் அதை ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்து 1962இல் வெளியிட்டார். பிறந்த எலிக்குட்டிக்கு அந்தச் சாற்றை ஊசிபோட்டால், இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண் ஒரு வாரத்தில் திறந்துகொண்டது. அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் துப்பு. 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஏற்பியின் வெளிப்பகுதியில் நான்கு துண்டுகள் உண்டு. சும்மா இருக்கும்போது இரண்டாம் துண்டிலிருந்து நீளும் ஒரு விரல், நான்காம் துண்டில் கொக்கி மாட்டியதுபோல் மடங்கிக் கிடக்கிறது. ஈஜிஎஃப் வந்து முதல் துண்டையும் மூன்றாம் துண்டையும் ஒருசேரப் பிடிக்கும்போது கொக்கி கழன்று விரல் வெளியே நீள்கிறது. இரண்டு ஏற்பிகள் இந்த விரல்களால் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. ஈஜிஎஃப் அந்த இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். அது இருப்பது இணைப்பில் அல்ல, இரு வெளிப்பக்கங்களில். ஒட்டுவது ஏற்பியும் ஏற்பியும்தான்.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். உள்ளே தொங்கும் நொதி ஒரு கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதி. "இரண்டு கைனேஸும் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன" என்ற சமச்சீர்ப் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 2006இல் ஜான் குரியனின் ஆய்வகம் காட்டியது வேறு. ஒரு கைனேஸின் அடிமடல், மற்றதன் மேல்மடலில் பக்கவாட்டாக முட்டுகிறது. முட்டு வாங்கியதற்குள் இருக்கும் ஒரு சுருள் சரியான இடத்துக்கு நகர்ந்து, அது உயிர்பெறுகிறது. முட்டுக் கொடுப்பது இயங்க வேண்டிய கட்டாயமே இல்லை, நெம்புகோலாக இருந்தால் போதும். இதனால்தான் ஈஜிஎஃப் ஏற்பியின் குடும்பத்தில் நொதித் திறன் கிட்டத்தட்ட இல்லாத ஹெர்3, இதுவரை லிகண்டே கண்டுபிடிக்கப்படாத ஹெர்2வோடு சேர்ந்து வலுவான ஜோடி ஆகிறது. ஹெர்2வின் விரல் எப்போதும் நீட்டியபடியே இருக்கிறது, யார் வந்தாலும் கைகோக்கத் தயார். ஹெர்3 முட்டுக் கொடுக்கிறது, ஹெர்2 பாஸ்பேட் ஏற்றுகிறது, ஏற்றும் இடம் ஹெர்3இன் வால்.

இன்சுலின் ஏற்பி இந்த விதியை மீறுவதுபோலத் தோன்றும். அது பிறக்கும்போதே ஜோடி. இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள், எல்லாம் கந்தகப் பிணைப்பால் தைக்கப்பட்டவை. அப்படியானால் எப்போதும் விழித்தே இருக்க வேண்டுமே? இல்லை. இன்சுலின் இல்லாதபோது அந்த ஜோடி கால் அகட்டி நிற்கிறது; சவ்வை நெருங்கும் இடத்தில் இரு கால்களுக்கும் இடையே 100 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இடைவெளி. இன்சுலின் சேர்ந்ததும் கால்கள் நெருங்குகின்றன. இங்கேயும் நெருக்கம்தான் கணக்கு. தைக்கப்பட்டிருக்கிறதா என்பதல்ல கேள்வி, உள்ளே எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதே.

இன்சுலின் ஏற்பியின் கைனேஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் விதம் வேறு. அதன் செயல்மையத்துக்கு முன்னால் தொங்கும் வளையத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் மூன்று இடங்களில் உண்டு: 1158, 1162, 1163. ஓய்வில் இருக்கும்போது 1162ஆம் டைரோசின் செயல்மையத்துக்குள்ளேயே நுழைந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாஸ்பேட்டைத் தரும் ஏடிபியும் வர முடியாது, வேறு புரதமும் வர முடியாது. அதே ஏற்பியின் மறுபாதி பக்கத்தில் வரும்போது இந்த மூன்றிலும் பாஸ்பேட் ஏற, வளையம் வெளியே புரண்டு விழுகிறது. வழி திறக்கிறது. ஈஜிஎஃப் ஏற்பிக்கு இந்த வளையப் பாஸ்பேட் தேவையே இல்லை, பக்கவாட்டு முட்டு போதும். இரண்டையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால்தான் குழப்பம் வரும்.

இப்போது நொதி விழித்துவிட்டது. அது என்ன செய்கிறது? ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து டைரோசின் மேல் வைக்கிறது. இந்த ஒரு செயல் 1979 வரை யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் பெரும்பங்கு செரினும் திரியோனினும். டைரோசின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்ட்டர், வைரஸ் புரதம் ஒன்றில் எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட் இருக்கிறது என்று மின்புலத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைசலின் பிஹெச் 1.9 இருக்க வேண்டும். அவர் புதிதாகக் கலக்காமல் பழைய கரைசலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் அது 1.7க்கு இறங்கியிருந்தது. 1.9இல் பாஸ்போடைரோசினும் பாஸ்போதிரியோனினும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும், 1.7இல் பிரிந்துவிடும். திரியோனின் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் யாரும் எதிர்பாராத புள்ளி ஒன்று நின்றது. அடுத்த ஆண்டே கோஹனின் ஆய்வகம், ஈஜிஎஃப் ஏற்பி பாஸ்பேட் வைப்பதும் டைரோசினில்தான் என்று காட்டியது. இன்று மனிதரில் இவ்வகை ஏற்பிகள் 58 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஈஜிஎஃப் ஏற்பியில் கைனேஸுக்குப் பின்னால் 230 அமினோ அமில அளவுக்கு ஒரு தளர்ந்த வால் இருக்கிறது. பாஸ்பேட் ஏறுவது பெரும்பாலும் அந்த வாலில். அந்தப் பாஸ்பேட் எதையும் முடுக்குவதற்காக ஏறவில்லை, மற்றப் புரதங்கள் வந்து உட்கார இடம்போடுவதற்காக ஏறுகிறது. உட்காருபவற்றிடம் எஸ்எச்2 என்ற பகுதி இருக்கும், சுமார் 100 அமினோ அமிலம். அதில் ஆழமான ஒரு குழி, குழியின் அடியில் ஓர் ஆர்ஜினின். டைரோசினின் பக்கக்கிளை நீளமானது என்பதால் அதன் நுனிப் பாஸ்பேட் மட்டும்தான் அடிவரை எட்டும்; பாஸ்போசெரின் குட்டை, எட்டாது. பக்கத்தில் இன்னொரு பள்ளம், டைரோசினுக்கு அடுத்து வரும் மூன்று அமினோ அமிலங்களைத் தடவிப் பார்க்கிறது. டைரோசினுக்குப் பின் இரண்டாவது இடத்தில் அஸ்பராஜின் இருந்தால் கிர்ப்2 உட்காரும். மூன்றாவது இடத்தில் மெத்தியோனின் இருந்தால் பிஐ3 கைனேஸ். ஆக, ஒரே வாலில் எந்த டைரோசினில் பாஸ்பேட் இருக்கிறது என்பது, யார் வரலாம் என்ற பட்டியல். 1068இல் கிர்ப்2, 1045இல் சிபிஎல். ஹெர்3இன் வாலில் பிஐ3 கைனேஸுக்கு ஆறு இருக்கைகள்.

இன்சுலின் ஏற்பி இதிலும் தனி வழி. தன் வாலில் கூட்டம் சேர்க்காமல் ஐஆர்எஸ் என்ற வேறொரு புரதத்தை அருகில் நிறுத்தி, அதன் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. கூட்டம் ஐஆர்எஸ்ஸைச் சுற்றிக் கூடுகிறது.

கிர்ப்2 வந்தால் என்ன ஆகும்? அது தனியாக வருவதில்லை, சாஸ் என்ற புரதத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறது. சாஸின் நொதித் திறன் முன்பும் இருந்தது, ஆனால் அது செல்சாற்றில் அலைந்துகொண்டிருந்தது. அதன் இரையான ராஸ் சவ்வின் உள்பரப்பில் கொழுப்பு வாலால் ஒட்டியிருக்கிறது. சாஸ் சவ்வருகே வந்தது மட்டுமே பெரிய மாற்றம். வந்த இடத்தில் ராஸைச் சந்திக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. சாஸ், ராஸிலிருந்து இரண்டு பாஸ்பேட் கொண்ட குவனோசினைக் கழற்றிவிட, மூன்று பாஸ்பேட் கொண்டது ஏறிக்கொள்கிறது. இந்த இரண்டையும் எழுத்துச் சுருக்கமாகத் தமிழில் எழுதினால் இரண்டும் 'ஜிடிபி' என்றே வரும். மாணவர் குறிப்பேடுகளில் பாதிக் குழப்பம் இதனால்தான், எனவே முழுப்பெயராகவே எழுதுங்கள். மூன்று பாஸ்பேட் ஏறிய ராஸ், ராஃப் கைனேஸை இழுக்கிறது. ராஃப் மெக்கையும், மெக் எர்க்கையும் தூண்டுகின்றன. எர்க் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறக்கும் புரதங்களில் பாஸ்பேட் வைக்கிறது.

இந்த வரிசையை மனப்பாடம் செய்பவர்கள் தவறவிடுவது நேரம். எலியின் பிசி12 செல்களில் ஈஜிஎஃப் கொடுத்தால் எர்க் சில நிமிடம் எழும்பி அடங்கும். செல் பிளந்து பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் அதே எர்க் மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும். செல் பெருகுவதை நிறுத்தி நரம்பிழை நீட்டத் தொடங்கும். புரதங்கள் அதே, வரிசையும் அதே, முடிவு நேர்மாறு. அந்தச் செல்லில் ஈஜிஎஃப் ஏற்பியைச் செயற்கையாக அதிகமாக்கினால் ஈஜிஎஃப்பே நரம்பிழை நீட்ட வைக்கிறது. நேரத்தைச் செல் எப்படிப் படிக்கிறது? எர்க் எழும்பிய சிறிது நேரத்தில் ஃபாஸ் என்ற புரதம் உருவாகிறது. அது உருவாகி வரும் நேரத்தில் எர்க் இன்னும் விழித்திருந்தால் ஃபாஸிலும் பாஸ்பேட் ஏறி அது நிலைக்கிறது. எர்க் ஏற்கெனவே அடங்கியிருந்தால் ஃபாஸ் சீக்கிரமே சிதைக்கப்படுகிறது.

பிஐ3 கைனேஸ் கிளை எண்ணிக்கையில் சின்னது, விளைவில் பெரியது. அது பாஸ்பேட் வைப்பது புரதத்தில் அல்ல, சவ்வின் கொழுப்பில்: இனோசிட்டால் வளையத்தின் மூன்றாம் இடத்தில். அப்படி உருவாகும் பிப்3, ஏகேடி என்ற கைனேஸைச் சவ்வுக்கு வரவழைக்கிறது. அங்கே பிடிகே1 அதன் 308ஆம் திரியோனினிலும், எம்டார் கூட்டு ஒன்று 473ஆம் செரினிலும் பாஸ்பேட் வைத்தால்தான் ஏகேடி முழுசாக விழிக்கும். தசையிலும் கொழுப்புச் செல்லிலும் ஏகேடி, டிபிசி1டி4 என்ற தடுப்புப் புரதத்தை அடக்க, குளுட்4 கடத்திகளைச் சுமந்த பைகள் மேற்பரப்புக்கு வந்து சேருகின்றன. ரத்தத்தின் சர்க்கரை செல்லுக்குள் இறங்குகிறது. ஏற்பியில் பாஸ்பேட் ஏற ஒரு நிமிடம்கூட ஆகாது, குளுட்4 மேலே வர சில நிமிடங்கள், மரபணு மாற்றங்கள் தெரிய மணிக்கணக்கு.

நிறுத்துவது பற்றிப் புத்தகங்களில் அரைப்பக்கம்கூட இருக்காது. செல்லுக்கோ அதுதான் பாதி வேலை. முதல் காவல், பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ்கள். அவை பிறகு வருவதில்லை, எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. ஈஜிஎஃப் கொடுத்து ஏற்பி முழுக்கப் பாஸ்பேட் ஏறிய நிலையில் கைனேஸ் தடுப்பு மருந்தை விட்டால், ஒரு நிமிடத்துக்குள் பாஸ்பேட்டில் பெரும்பகுதி காணாமல் போகிறது. அதாவது நாம் பார்க்கும் பாஸ்பேட் ஒருமுறை வைத்து முடிந்த முத்திரையல்ல, ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர். ஏற்பி விழித்ததும் செல் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே உண்டாக்கி, பாஸ்படேஸின் செயல்மையத்திலுள்ள சிஸ்டீனைத் தற்காலிகமாக முடக்கவும் செய்கிறது. ஓட்டையைச் சற்று நேரம் விரலால் அடைப்பதுபோல.

இரண்டாம் காவல், ராஸைத் தணிக்கும் கேப் புரதங்கள். ராஸ் தன் மூன்றாம் பாஸ்பேட்டைத் தானே வெட்டும் வேகம் மிகக் குறைவு. கேப் ஓர் ஆர்ஜினின் விரலை உள்ளே நுழைத்து அந்த வேகத்தைச் சுமார் லட்சம் மடங்கு கூட்டுகிறது. ராஸின் 12ஆம் இடத்திலுள்ள கிளைசின், புரோலின் தவிர வேறு எதுவாக மாறினாலும் அந்த விரலுக்கு இடம் போதாது. ராஸ் அணையாது. பெருங்குடல் புற்றில் கேராஸ் மரபணு இப்படி மாறியிருந்தால், ஈஜிஎஃப் ஏற்பியை மறிக்கும் செடுக்சிமாப் கொடுத்துப் பயனில்லை. மேலே குழாயை மூடி என்ன செய்ய, உடைப்பு கீழே அல்லவா இருக்கிறது. அதனால்தான் அந்த மருந்துக்கு முன் ராஸ் சோதனை கேட்கிறார்கள்.

மூன்றாவது, ஏற்பியையே உள்ளே இழுத்து அழிப்பது. 1045இல் உட்காரும் சிபிஎல், ஏற்பியின் மேல் யூபிக்விட்டின் என்ற அடையாளப் புரதத்தை ஒட்டுகிறது. ஏற்பி, சவ்வை உள்ளே குழிக்கும் கிளாத்ரின் குழிகள் வழியே போய், செல்லின் செரிப்பிடமான லைசோசோமில் முடிகிறது. இதில் ஒரு நுணுக்கம்: டிஜிஎஃப்-ஆல்பா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியும் இதே ஏற்பியைத்தான் பிடிக்கிறது, ஆனால் உள்ளே போன பையின் லேசான அமிலத்தில் கழன்றுவிடுகிறது. ஏற்பி மேலே திரும்பி வந்துவிடும். ஈஜிஎஃப் கழலாமல் ஒட்டிக்கொண்டு ஏற்பியோடு சேர்ந்து அழிகிறது.

மற்றக் குடும்பங்களையும் சொல்லியாக வேண்டும். டிஜிஎஃப்-பீட்டா பெயரில் மேலே சொன்னதன் உறவுபோல் இருந்தாலும் ஏற்பி வேறு இனம். அதன் நொதி செரினிலும் திரியோனினிலும் பாஸ்பேட் வைக்கிறது. இரண்டாம் வகை ஏற்பி எப்போதும் விழித்திருக்கிறது. லிகண்ட் அதை முதல் வகையோடு சேர்த்து வைக்க, அது முதல் வகையில் பாஸ்பேட் ஏற்ற, முதல் வகை நேராக ஸ்மாட்2, ஸ்மாட்3 வாலின் கடைசிச் செரின்களில் ஏற்றுகிறது. அவை ஸ்மாட்4ஐக் கூட்டிக்கொண்டு கருவுக்குள் போகின்றன. அவ்வளவுதான், ராஸ் பாதையின் படிப்படியான பெருக்கம் இங்கே கிடையாது. எரித்ரோபொய்ட்டின், வளர்ச்சி ஹார்மோன் ஏற்பிகளுக்குச் சொந்த நொதியே இல்லை. ஜாக் என்ற கைனேஸைக் காலில் கட்டி வைத்திருக்கின்றன. நெருங்கினால் ஜாக்குகள் ஒன்றையொன்று தூண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் மிதமிஞ்சும் பாலிசைத்தீமியா வேராவில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஜாக்2இல் மாற்றம், பெரும்பாலும் 617ஆம் வேலின் ஃபினைல்அலனின் ஆனது.

கைனேஸ் அல்லாத நொதி கொண்ட ஏற்பிகளும் உண்டு, குவனைலில் சைக்ளேஸ். இதயத்தின் மேலறைகள் சுரக்கும் 28 அமினோ அமில ஏஎன்பி இவ்வகை ஒன்றைப் பிடித்துச் சுழல் குவனோசின் என்ற சேதி மூலக்கூறை உண்டாக்கிச் சிறுநீரகத்தை உப்பு வெளியேற்ற வைக்கிறது. குடலில் இருக்கும் இன்னொன்றைத்தான் ஈ.கோலையின் வெப்பம் தாங்கும் நச்சு ஏமாற்றுகிறது. அது உடலின் சொந்த ஹார்மோனான குவனைலினைப் போல வேடம்போட்டு ஏற்பியில் உட்கார, சுழல் குவனோசின் பெருகி, குளோரைடு வாய்க்கால் திறந்து, தண்ணீர் பின்தொடர்கிறது. பயணத்தில் வரும் வயிற்றுப்போக்குக்கு ஒரு முக்கியக் காரணம். அதே ஏற்பியை மிதமாகத் தட்டும் லினாக்ளோடைட் என்ற 14 அமினோ அமில மருந்து மலச்சிக்கலுக்குக் கொடுக்கப்படுகிறது.

பழுது எங்கே வருகிறது என்று பார்த்தால் பாதையின் எந்தப் படியும் தப்பவில்லை. அகோண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மையில், எஃப்ஜிஎஃப் ஏற்பி3இன் சவ்வுச் சுருளில் 380ஆம் கிளைசின் ஆர்ஜினின் ஆகிறது. ஏற்பி வேண்டியதற்கு மேல் விழித்திருந்து எலும்பு நீள்வதைத் தடுக்கிறது. அதற்கு 2021இல் அனுமதி பெற்ற வோசோரிடைட், அந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை. பக்கத்திலுள்ள குவனைலில் சைக்ளேஸ் ஏற்பியைத் தூண்டி ராஃப் படியில் எர்க் பாதையைத் தணிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் பெரும்பாலோருக்கு ஏற்பியின் மரபணு நன்றாகவே இருக்கிறது. தடை அதற்குக் கீழே. ஏற்பியே பழுதான டோனஹியூ நோய் மிக அரிது, மிகக் கொடியது.

நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப் ஏற்பியின் 19ஆம் எக்சானில் சிறு நீக்கம், அல்லது 858ஆம் லூசின் ஆர்ஜினின் ஆவது, இரண்டும் கைனேஸை விழித்த நிலையில் தள்ளுகின்றன. கூடவே ஏடிபியைப் பிடிக்கும் வலுவைக் குறைக்கின்றன. ஏடிபியின் இடத்தில் போட்டிபோடும் ஜெஃபிடினிப் என்ற மருந்து இந்த மாற்றமுள்ள நோயாளிகளிடம் நன்றாகப் பலித்ததற்கு அது ஒரு காரணம். இந்த மாற்றங்கள் 2004இல் தெரியவந்தபோதுதான் மருந்து சிலருக்கு மட்டும் ஏன் கேட்கிறது என்று புரிந்தது. பிறகு 790ஆம் திரியோனின் மெத்தியோனின் ஆகி, ஏடிபியின் பிடி திரும்ப வலுத்து, மருந்து தோற்கிறது. அடுத்து வந்த ஓசிமெர்ட்டினிப் 797ஆம் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. அந்தச் சிஸ்டீனும் செரினாக மாறினால் அதுவும் போச்சு.

கடைசியாக, இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. முறை வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டுவது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதச் செல்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் 12 முதல் 16 மணி நேரம் பட்டினி போடுங்கள். சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. இந்தப் படியைத் தவிர்த்தால் பூஜ்ய நிமிடப் பட்டையே தடிமனாக வரும். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈஜிஎஃப், 37 டிகிரி; 0, 2, 5, 15, 30, 60 நிமிடங்கள். இந்த அளவு பட்டை தெளிவாகத் தெரிவதற்கானது. உடலில் செல் சந்திப்பது பொதுவாக இதைவிட வெகு குறைவு. ஏ431 செல்லில் ஒன்றுக்குச் சுமார் 20 லட்சம் ஏற்பி உண்டு, பட்டை பளிச்சென்று வரும். ஆனால் அதிக ஈஜிஎஃப் கொடுத்தால் அந்தச் செல்கள் வளர்வதை நிறுத்திவிடும் என்பதால் வளர்ச்சிச் சோதனைக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

நேரம் முடிந்ததும் தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்து, ஊடகத்தை உறிஞ்சி, குளிர்ந்த உப்புக் கரைசலால் அலசி, உடனே உடைக்கும் கரைசல்: டிரிஸ் 50 மில்லிமோலார், பிஹெச் 7.5, உப்பு 150, டிரைட்டான் 1 சதவீதம், சோடியம் ஃபுளூரைடு 10, ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார், புரோட்டியேஸ் தடுப்பான்கள். பாஸ்பேட் ஒரு நிமிடத்துக்குள் கழலும் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் வையுங்கள். வனடேட் இல்லாவிட்டாலோ, செத்த வனடேட் இருந்தாலோ நீங்கள் அளப்பது பாஸ்படேஸின் சுறுசுறுப்பைத்தான். வனடேட்டைப் பிஹெச் 10க்குக் கொண்டுவந்து, மஞ்சள் மறைந்து நிறமற்றதாகும் வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பிஹெச் பார்த்து, மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். மஞ்சள் என்றால் அது சங்கிலியாகக் கூடிக்கொண்ட வனடேட், நமக்குப் பயன்படாது. டிடிடி சேர்த்தால் வனடேட் செயலிழக்கும், ஈடிடிஏ அதிகமானால் அதைக் கவ்விக்கொள்ளும்.

7.5 சதவீத ஜெல்லில் ஏற்பி 170 கிலோடால்ட்டன் அருகே நிற்கும். எர்க் 42, 44இல் இரட்டைப் பட்டை, அதற்கு 10 சதவீத ஜெல் தேவை. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் பால்பொடி வேண்டாம், அதிலுள்ள கேசின் பாஸ்பேட் நிறைந்தது, பின்னணி ஏறும். மாட்டு ஆல்புமின் 5 சதவீதம் நல்லது. 60ஆம் நிமிடத்தில் பாஸ்பேட் பட்டை மெலிந்தால் உடனே "அணைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். மொத்த ஏற்பியின் பட்டையையும் போடுங்கள். அதுவும் மெலிந்திருந்தால் பாஸ்பேட் கழலவில்லை, ஏற்பியே லைசோசோமுக்குப் போய்விட்டது.

இன்னொன்று, எண்கள். ஏற்பி உருவாகும்போது முன்னால் 24 அமினோ அமிலம் கொண்ட ஒரு முகப்பு இருக்கிறது, பிறகு வெட்டப்படுகிறது. 1068, 1045 போன்ற டைரோசின் எண்கள் முகப்பை நீக்கி எண்ணியவை. 858, 790, 797 என்ற புற்று எண்கள் முகப்பையும் சேர்த்து எண்ணியவை. ஒரே கட்டுரையில் இரண்டு கணக்கும் கலந்து வரும். 1092 என்று அச்சிட்ட ஆன்டிபாடியைப் பார்த்து இது வேறு இடம் என்று நினைத்து இரண்டாவதாக வாங்கிவிடாதீர்கள், அது அதே 1068தான்.